ஊர் நூலகத்தில் ஆங்கிலச் சிறுகதைக் குழு: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் ஊரின் பொது நூலகத்தில் மாதம் ஒருமுறை அமெரிக்கச் சிறுகதைகளைப் படித்துப் பேசும் குழு ஒன்று கூடுகிறது. பல வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயில் பிரசாத வரிசையிலும் பார்க்கிறவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வேறு ஊர் நூலகங்களில் சில்லறை வித்தியாசங்கள் இருக்கும், பெரும்பாலும் இதே மாதிரிதான் நடக்கும்.

அங்கே என்னதான் நடக்கும்?

ஒரு கதை, பத்துப் பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம். கதையை எல்லாரும் வீட்டிலேயே படித்துவிட்டு வருவார்கள். நூலகர் சொற்பொழிவு எதுவும் செய்யமாட்டார், கேள்விதான் கேட்பார். சிகாகோவில் 1947-ல் தொடங்கிய கிரேட் புக்ஸ் ஃபவுண்டேஷன் இப்படிப் பேசுவதற்கு ஒரு முறையை வகுத்துப் பரப்பியது, பல நூலகக் குழுக்கள் அதைத்தான் கொஞ்சம் தளர்த்திப் பின்பற்றுகின்றன. நடத்துகிறவர் தனக்கே விடை நிச்சயமில்லாத கேள்வியைத்தான் கேட்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் அதற்கு ஆதாரம் கதைக்குள்ளிருந்து வர வேண்டும். கதையைப் படிக்காமல் வந்தவர் பேசக் கூடாது. இந்தக் கடைசி விதியை எங்கள் குழுவில் யாரும் கடுமையாகப் பார்ப்பதில்லை, ஆனால் எனக்கு அது ரொம்ப நியாயமான விதியாகப் படுகிறது.

பணம் கட்ட வேண்டுமா? நூலக அட்டை வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். எங்கள் ஊர் நூலகம் மக்கள் கட்டும் சொத்து வரியில் நடக்கிறது. வாடகை வீட்டில் இருந்தாலும் நீங்கள் கொடுக்கும் வாடகையில் அந்த வரியும் சேர்ந்துதான் இருக்கிறது, அதனால் இது உங்கள் நூலகமும்தான். விசா என்ன, எத்தனை வருடம் இருப்பீர்கள் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. நாற்காலி எண்ணிக்கைக்காக நூலகத்தின் நிகழ்ச்சி நாட்காட்டியில் பெயர் பதியச் சொல்வார்கள். புத்தகம் எடுக்க மட்டும் அட்டை தேவை, அதற்கு வாடகை ஒப்பந்தமோ மின் கட்டண ரசீதோ காட்டினால் போதும்.

என் ஆங்கிலம் இதற்குப் போதுமா?

எல்லாரும் கேட்பது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அலுவலகத்தில் எட்டு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள், வீட்டில் குழந்தையோடு இருப்பவர்களும் கேட்கிறார்கள். கதை புரியாமல் போவதற்குச் சொற்கள் தெரியாதது பெரும்பாலும் காரணமே இல்லை. ஹெமிங்வேயின் ‘ஹில்ஸ் லைக் வைட் எலிஃபண்ட்ஸ்’ (1927) கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத சொல் அதில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ரயில் நிலையம். பார்சிலோனாவிலிருந்து விரைவு வண்டி வர இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. ஓர் அமெரிக்க ஆணும் ஒரு பெண்ணும் உட்கார்ந்து பீர் குடிக்கிறார்கள். ஏதோ ஓர் அறுவை சிகிச்சை, ரொம்ப எளிதானது, நீ விரும்பாவிட்டால் வேண்டாம் என்று அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அது கருக்கலைப்பு என்பது கதையில் எங்கேயும் எழுதப்படவில்லை. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் முதல் தடவை படித்துவிட்டு ‘இவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்?’ என்று கேட்டுக்கொண்டுதான் எங்கள் கூட்டத்துக்கு வந்தார்கள்.

அன்றைக்குப் புதிதாக ஒரு தமிழ்ப் பெண் வந்திருந்தார். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் வந்தவர், நான் பேசமாட்டேன், கேட்க மட்டும்தான் வந்தேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பேச்சு அந்த ஆண் நல்லவனா கெட்டவனா என்றே சுற்றிக்கொண்டிருந்தது. பாதியில் அவர் மெல்லக் கை தூக்கி, ‘அவளுக்கு அந்த ஊர் மொழி தெரியாது’ என்றார். கடைக்காரப் பெண் வந்து ஏதோ சொல்கிறாள், என்ன சொன்னாள் என்று இவள் அவனைத்தான் கேட்கிறாள், ரயில் ஐந்து நிமிடத்தில் வருகிறது என்று அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது, என்ன குடிப்பது என்பதைக்கூட அவன் வாய் வழியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும், அப்படி இருக்கிறவளிடம் ‘உன் விருப்பம்தான்’ என்று ஒருவன் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அந்தக் கதையை முப்பது வருடம் கல்லூரியில் நடத்திய ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அவர் தன் பிரதியில் அந்த வரியைத் தேடிப்பிடித்து ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

ஆகவே போதும். தாராளமாகப் போதும்.

ஏன் சிறுகதை? நாவல் படிக்கும் குழுக்கள்தானே நிறைய இருக்கின்றன?

இருக்கின்றன, நானும் ஒன்றில் இருந்தேன். நானூறு பக்க நாவல் என்றால் பாதிப் பேர் பாதி வரைக்கும்தான் வந்திருப்பார்கள், முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்ற கெஞ்சலிலேயே நேரம் போய்விடும். சிறுகதை என்றால் எல்லாரும் முழுசாகப் படித்திருப்பார்கள், இரண்டாம் முறையும் படித்திருப்பார்கள், வாக்குவாதம் வந்தால் அந்தப் பத்தியை அங்கேயே எடுத்து வாசித்துப் பார்க்கலாம். ஒரே அமர்வில் படித்து முடிப்பதுதான் இந்த வடிவத்தின் பலம் என்று எட்கர் ஆலன் போ 1842-லேயே, ஹாதோர்னின் கதைத் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவில் சிறுகதை இவ்வளவு செழித்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1891 வரை வெளிநாட்டு எழுத்தாளர்களின் பதிப்புரிமையை அமெரிக்கச் சட்டம் காக்கவில்லை. டிக்கன்ஸ் நாவலைக் காசு கொடுக்காமல் அச்சடித்து விற்க முடிகிறபோது உள்ளூர் எழுத்தாளரின் நாவலுக்கு எந்தப் பதிப்பாளர் பணம் கொடுப்பார்? அதனால் அவர்கள் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார்கள். பத்திரிகைகள் சிறுகதையை வளர்த்த கதை நமக்கும் தெரிந்ததுதானே.

கதையை எப்படிப் படித்துவிட்டு வர வேண்டும்?

இரண்டு தடவை. முதல் தடவை நிறுத்தாமல், தெரியாத சொல் வந்தாலும் அகராதியைத் தொடாமல். இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு.

இரண்டாம் வாசிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஷர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’யைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது (இனி வருவது முடிவைச் சொல்லிவிடும், படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்). ஜூன் 27, நல்ல வெயில், சுமார் முந்நூறு பேர் உள்ள கிராமம், ஊரே சதுக்கத்தில் கூடுகிறது, கறுப்புப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுக்கிறார்கள். கடைசியில் கறுப்புப் புள்ளி விழுந்த சீட்டை எடுத்த டெஸ்ஸியை ஊரே கல்லால் அடிக்கிறது. முதல் தடவை படிக்கிறவருக்கு அந்தக் கற்கள் திடீரென்று வந்த மாதிரி இருக்கும். திரும்பப் போய்ப் பாருங்கள், இரண்டாவது பத்தியிலேயே சிறுவர்கள் சட்டைப் பையில் கல் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். விளையாட்டு என்று நினைத்து நாம் தாண்டிப் போயிருப்போம். டெஸ்ஸி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததில் நாளே மறந்துபோச்சு என்று தாமதமாக ஓடி வருகிறாள். பக்கத்தில் நிற்கும் திருமதி டெலக்ரோவோடு சேர்ந்து சிரிக்கிறாள். முடிவில் அதே டெலக்ரோதான் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல்லை எடுத்துக்கொண்டு, சீக்கிரம் வா என்று இன்னொருத்தியைக் கூப்பிடுகிறாள். டெஸ்ஸியின் சின்னப் பையன் டேவி கையில்கூட யாரோ நாலு கூழாங்கல்லைக் கொடுக்கிறார்கள். இந்த வரியை எங்கள் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இது ‘நியூயார்க்கர்’ இதழில் 1948 ஜூனில் வந்தபோது அந்தக் கோடையில் முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன, அதில் கனிவாக எழுதியவை பதின்மூன்றுதான், அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்று ஜாக்சன் பின்னால் ஓர் உரையில் சொன்னார். இந்தக் குலுக்கல் எங்கே நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டவர்களும் உண்டாம். அவரைத் திகைக்க வைத்ததும் அதுதான்.

பேசாமல் உட்கார்ந்திருக்கலாமா?

இருக்கலாம். எத்தனை மாதம் வேண்டுமானாலும்.

பேச நினைக்கிறேன், ஆனால் எப்படி நடுவில் நுழைவது?

நம் வீட்டுப் பேச்சில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். இங்கே ஒருவர் முடித்து, ஒரு மூச்சு இடைவெளி விட்டு, அப்புறம்தான் அடுத்தவர் தொடங்குவார். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்தால் சில சமயம் கூட்டமே முடிந்துவிடும், அதனால் கையைத் தூக்கிவிடுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. பக்க எண்ணைச் சொல்லுங்கள், எல்லாரும் புரட்டி முடிக்கும் வரை பொறுங்கள், அந்த வரியை வாசியுங்கள், உங்களுக்கு அங்கே எது உறுத்துகிறது என்று சொல்லுங்கள். கருத்து என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை, ‘இந்த இடத்தில் இவள் ஏன் பதில் சொல்லவில்லை?’ என்று கேட்டால்கூடப் போதும். உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம், எங்கள் மேஜையில் போலந்து, சீனம், பிரேசில், புரூக்ளின் என்று எல்லா வகை ஆங்கிலமும் உண்டு.

எழுபது வயது அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா?

ஆமாம். முன்னால் பெயர் அட்டை வைத்திருப்பார்கள், அதில் இருக்கும் முதல் பெயர்தான். நாக்கு வராதுதான், இரண்டு மூன்று கூட்டத்தில் பழகிவிடும்.

கொச்சையாக, எழுத்துக்கூட்டல் மாற்றி எழுதியிருக்கும் உரையாடல்கள் புரிவதே இல்லையே?

ஜோரா நீல் ஹர்ஸ்டனின் ‘ஸ்வெட்’ (1926) படித்தபோது நிறையப் பேர் இதைச் சொன்னார்கள். ஃப்ளோரிடாவில் துணி வெளுத்துப் பிழைக்கும் டீலியா, அவள் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிட்டு அவளையே அடிக்கும் கணவன் சைக்ஸ், அவளைப் பயமுறுத்த அவன் கொண்டுவரும் பாம்பு. பேச்சு முழுக்க அந்தப் பகுதிக் கறுப்பின மக்களின் வழக்கில், காதில் விழுகிறபடி எழுதப்பட்டிருக்கும். கண்ணால் படித்தால் முட்டும், வாய்விட்டுப் படித்தால் வழி விடும். நம் கரிசல்காட்டு வழக்கில் எழுதிய கதைகளைச் சென்னைக்காரர் முதல்முறை படிக்கும்போது இதே அனுபவம்தான், நாலு பக்கத்தில் காது பிடித்துக்கொள்ளும். நூலகத்தின் லிப்பி செயலியில் ஒலிப்புத்தகமாகக் கிடைத்தால் முதலில் கேட்டுவிட்டுப் படியுங்கள்.

வாய்விட்டு வாசிப்பது மற்றக் கதைகளுக்கும் நல்லது. மேலே சொன்ன ஹெமிங்வே கதையில் அந்தப் பெண் ‘பேச்சை நிறுத்து’ என்று சொல்லும் ஒரே வாக்கியத்தில் ‘ப்ளீஸ்’ என்ற சொல் ஏழு முறை வருகிறது, நடுவில் காற்புள்ளிகூட இல்லாமல். எங்கள் குழுவில் ஒருவர் அதைக் கெஞ்சலாக வாசித்தார், இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே குரலில் வாசித்தார். இரண்டும் வேறு வேறு கதையாகவே கேட்டன. அவள் பயந்திருக்கிறாளா, வெறுத்துவிட்டாளா என்ற விவாதம் அதிலிருந்துதான் கிளம்பியது.

கறுப்பர், வெள்ளையர் பற்றிய கதைகளில் நாம் என்ன பேசுவது? தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால்?

இந்தத் தயக்கம் நல்லதுதான், ஆனால் அதற்காக அந்த மாதம் வராமல் இருக்காதீர்கள். ஃபாக்னர், ஃப்ளானரி ஓ’கானர் போன்ற தெற்கத்திய எழுத்தாளர்களின் பக்கங்களில் கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல் சகஜமாக வரும். சத்தமாக வாசிக்கும்போது அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள், எங்கள் குழுவில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

டோனி மாரிசன் எழுதி வெளியிட்ட ஒரே சிறுகதையான ‘ரெசிட்டாடிஃப்’ (1983) இதற்கென்றே எழுதின மாதிரி இருக்கும். ட்வைலா, ராபர்ட்டா என்று இரண்டு சிறுமிகள் ஒரு காப்பகத்தில் ஒரே அறையில் தங்குகிறார்கள், ஒருத்தி கறுப்பு, ஒருத்தி வெள்ளை. யார் எது என்று கடைசி வரை சொல்லப்படுவதில்லை. உணவு, உடை, அம்மாக்களின் குணம், பின்னால் யார் பணக்காரியானாள் என்று ஒவ்வொரு தடயத்தையும் பிடித்து நாம் ஒரு முடிவுக்கு வருவோம், அடுத்த பக்கம் அது ஆட்டம் கண்டுவிடும். எங்கள் மேஜையில் ஆளுக்கொரு முடிவோடு வந்திருந்தார்கள். எந்த வரியை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று நூலகர் ஒவ்வொருவராகக் கேட்டபோது, ஒவ்வொருவரும் தன் மனதில் ஏற்கெனவே இருந்த படத்தைத்தான் வெளியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. பெயரைக் கேட்டதும், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதும் ஆளை எடைபோடும் பழக்கம் சாதியோடு வளர்ந்த நமக்கு எவ்வளவு ஊறியது என்பதை அன்றைக்கு நான் சொன்னேன். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, கேட்டவர்கள் அக்கறையோடு கேட்டார்கள்.

இந்தியக் கதை வந்தால் எல்லாரும் என் முகத்தையே பார்ப்பார்களோ?

பார்ப்பார்கள். ஜும்பா லாஹிரியின் ‘இன்டர்ப்ரெட்டர் ஆஃப் மாலடீஸ்’ தொகுப்பு (1999-ல் வந்தது, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு) எல்லா நூலகத்திலும் உண்டு, ஒருநாள் கண்டிப்பாக வரும். அவர் எழுதுவது பெரும்பாலும் வங்காளி வீடுகளைப் பற்றி, எங்கள் வீடு வேறு மாதிரி என்று தயங்காமல் சொல்லுங்கள். தெரிந்ததைச் சொன்னால் போதும். அதிலுள்ள ‘எ டெம்பரரி மேட்டர்’ கதையில், குழந்தை இறந்து பிறந்த துக்கத்தில் பேச்சற்றுப்போன தம்பதி, சில நாள் இரவு எட்டு மணிக்கு மின்சாரம் நிற்கும்போது இருட்டில் ஒருவருக்கொருவர் ரகசியங்களைச் சொல்கிறார்கள். இருட்டில் பேச்சு ஏன் சுலபமாக வரும் என்று கேட்டபோது, மின்வெட்டு வந்தால் மொட்டை மாடியில் பாய் விரித்துப் பேசிக்கொண்டிருந்ததை நான் விவரித்தேன். கதையில் மனைவி ஷோபாவும் இந்தியாவில் பாட்டி வீட்டில் விளக்கு போனால் எல்லாரும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்ததை நினைவுகூர்கிறாள், அங்கிருந்துதான் விளையாட்டே தொடங்குகிறது.

கதை பிடிக்காவிட்டால்?

பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், எந்த இடத்தில் என்றும் சொல்லுங்கள். எல்லாருக்கும் பிடித்துவிட்ட கதையில் பேச்சு இருபது நிமிடத்தில் வற்றிவிடும். ஓ’கானரின் ‘எ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைண்ட்’டில் ஒரு குடும்பமே கொல்லப்படுகிறது, இதை எழுதுவதற்கு என்ன அவசியம் என்று கோபமாகக் கேட்ட ஒருவரால்தான் அந்தக் கூட்டம் அவ்வளவு நன்றாக அமைந்தது.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். அழைத்து வரலாமா?

அவசியம் அழைத்து வாருங்கள். ஆறு மாதம் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பெரிய எழுத்துப் பிரதி வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொன்னால் அச்சடித்து வைப்பார்கள். நண்பர் ஒருவரின் அப்பா, கும்பகோணம் பக்கம் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், ஃபாக்னரின் ‘எ ரோஸ் ஃபார் எமிலி’க்கு (1930) வந்தார். இந்தக் கதையை ‘நான்’ என்று யாரும் சொல்லவில்லை, ‘நாங்கள்’ என்று ஊரே சொல்கிறது, தெருவே திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தியை நாற்பது வருடம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது, ஆனால் ஒருத்தரும் உள்ளே போய் என்ன ஏது என்று கேட்கவில்லை, அப்படியானால் குற்றத்தில் ஊருக்கும் பங்கு உண்டா என்றார். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம்.

கதைகள் எங்கே கிடைக்கும்?

அந்த மாதக் கதையின் நகல் நூலக முன்மேஜையில் இருக்கும். அது தவிர, அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு தாண்டியவை பொதுவுடைமை, அதாவது பதிப்புரிமை முடிந்தவை, குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசம். லைப்ரரி ஆஃப் அமெரிக்கா என்ற பதிப்பகம் வாரம் ஒரு கதையைக் காசில்லாமல் மின்னஞ்சலில் அனுப்புகிறது. புதியவற்றுக்கு 1915 முதல் வருடாவருடம் வரும் ‘பெஸ்ட் அமெரிக்கன் ஷார்ட் ஸ்டோரீஸ்’ தொகுதிகள். ஊர் திரும்பும் பெற்றோர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் உரிமை முடிகிறது, அதனால் 1961-ல் இறந்த ஹெமிங்வே தன் வாழ்நாளில் வெளியிட்ட கதைகள் அங்கே 2022 முதல் பொதுவுடைமை.

முதலில் எந்தக் கதையைப் படிக்கட்டும்?

கேட் ஷோப்பனின் ‘தி ஸ்டோரி ஆஃப் அன் அவர்’ (1894). ஆயிரம் சொல்தான் இருக்கும். கணவன் ரயில் விபத்தில் இறந்தான் என்ற செய்தி, மாடி அறையில் தனியாக அவள் மனதில் நடக்கும் மாற்றம், பிறகு வாசல் கதவு திறக்கும் சத்தம். கடைசி வரியில் மருத்துவர்கள் சொல்லும் காரணம் சரியா என்று வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், குழுவில் உட்கார்ந்த பழக்கம் வந்துவிடும். அடுத்து ‘தி லாட்டரி’. மெல்வில்லின் ‘பார்ட்டில்பி’ (1853) எனக்கு உயிர், ஆனாலும் முதல் கதையாக வேண்டாம், நீளம், வாக்கியங்களும் சுற்றி வளைத்துப் போகும்.

எங்கள் ஊர் நூலகத்தில் இப்படிக் குழுவே இல்லையே?

கேளுங்கள். விசாரணை மேஜையில் இருக்கும் நூலகரிடம் போய், சிறுகதைக் குழு தொடங்க ஆசை, நாலு பேர் இருக்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் கூட்ட அறை இலவசமாகக் கிடைக்கும், நகல் எடுத்துத் தருவார்கள், நாட்காட்டியிலும் போடுவார்கள். நாலு பேரும் தமிழர்களாக இருந்தால் கதவைத் திறந்தே வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் அழையுங்கள். கதை நீளம் பதினைந்து பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மாதத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதத்துக்கான கதைகளை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.